முதலில் கைக்கு, பிறகு காதுக்கு: மெக்கானிக்கல் கீபோர்டை நமக்கேற்ப அமைத்துக்கொள்வது எப்படி

மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஸ்விட்ச் நல்லாருக்கும்?" ஒவ்வொரு விசைக்கும் அடியில் இருக்கும், ஸ்பிரிங் வைத்த சின்னப் பொறிதான் ஸ்விட்ச். நான் திருப்பிக் கேட்பேன்: "இப்போ அடிச்சுக்கிட்டிருக்கிற கீபோர்டை வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்திருக்கீங்களா?"

சாய்த்துப் பாருங்கள். சாதாரண கீபோர்டுகளில் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் விசைகள்தான் இருக்கும். விரல் பட்டுப் பட்டு மேலே உள்ள சொரசொரப்பு தேய்ந்து, எண்ணெய் தடவியது போல மினுங்கும். எது மினுங்குகிறதோ அங்கேதான் உங்கள் கைகள் குடியிருக்கின்றன. வாங்கிய நாள் போலவே சொரசொரவென்று இருக்கும் விசைகளுக்கு மேசையில் சும்மா இடம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை பார்க்கிறேன். பேட்டி, கருத்தரங்கு, கூட்டம் என்று எது வந்தாலும் ஒரு நாளில் ஆறேழு மணி நேரம் தட்டச்சுதான். தமிழுக்குத் தமிழ்99 விசை அமைப்பு. என் பழைய 104 விசைக் கீபோர்டைச் சாய்த்துப் பார்த்தபோது எஃப் (F) எழுத்து விசை கண்ணாடி மாதிரி இருந்தது. தமிழ்99இல் புள்ளி அங்கேதான் இருக்கிறது. அடுத்தபடியாக ஹெச், எல்: அதாவது 'க', 'த'. இடதுபக்க அம்புக்குறியும் நன்றாகத் தேய்ந்திருந்தது. ஒலியை நிறுத்தவும் பின்னால் தள்ளவும் வைத்திருந்த எஃப்2, எஃப்3 இரண்டும் மினுங்கின, மற்ற எஃப் விசைகள் மங்கலாகவே இருந்தன. ஸ்பேஸ் பாரின் வலது பாதியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நீள்வட்டம் மட்டும் பளபளத்தது. இடது பாதியை நான் தொட்டதே இல்லை. நம்பர் பேடில் இருந்த 17 விசைகளும் அப்படியே புதுசு.

எத்தனையோ வீடியோக்கள் பார்த்தும் பிடிபடாதது அந்த ஐந்து நிமிடத்தில் எனக்குப் புரிந்தது. அதனால்தான் யார் கேட்டாலும் விசைகளின் இடத்தை முதலில் முடிவுசெய்யச் சொல்கிறேன், ஒலி அப்புறம். ஒலியைக் கிரீஸ், டேப், ஃபோம் என்று எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வாங்கிய கீபோர்டில் இல்லாத அம்புக்குறியை எந்தக் கிரீஸும் கொண்டுவராது.

ஒரு வாரம் கணக்கெடுங்கள்

பளபளப்பு பழைய கதையைச் சொல்லும். இன்றைய வேலைக்கு ஒரு வாரக் கணக்கு வேண்டும். கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்து நான்கு கட்டங்கள் போடுங்கள்: நம்பர் பேட், எஃப் வரிசை (எஃப்1 முதல் எஃப்12 வரை), அம்புக்குறி, ஹோம்–எண்ட்–டெலீட் கூட்டம். கை அங்கே போகும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. இரண்டாம் நாளே சலிப்பாக இருக்கும், ஆனாலும் விடாதீர்கள். வாரக் கடைசியில் வேறு மாதிரி வேலை வருகிறவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நம்பர் பேடில் கோடுகள் குவிந்தால் முழு அளவுக் கீபோர்டே எடுங்கள். சின்னது அழகாக இருக்கிறது என்பதற்காக எண்களோடு வேலை செய்கிறவர் அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. தனி நம்பர் பேட் வாங்கி இடப்பக்கம் வைத்துக்கொள்வதும் நல்ல வழிதான். வலக்கை மவுஸில் இருக்கும்போது இடக்கை எண்களை அடிக்கப் பழகிவிடும்.

நம்பர் பேட் காலியாக இருந்தால் அது இல்லாத 87 விசைக் கீபோர்டு, அதன் பெயர் டிகேஎல். இன்னும் சின்னவற்றை முழு அளவோடு ஒப்பிட்டுத் தோராயமாக 75%, 65% என்று அழைப்பார்கள். எஃப் வரிசையும் வேண்டும், இடமும் குறைய வேண்டும் என்றால் 75%. எஃப் வரிசை வேண்டாம், அம்புக்குறி வேண்டும் என்றால் 65%. அம்புக்குறியே வேண்டாம் என்றால் 61 விசை 60%. 1996இல் வந்த ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டின் ஆங்கில வடிவத்தில் தனி அம்புக்குறி விசைகள் கிடையாது. எஃப்என் விசையோடு சேர்த்துத்தான் அடிக்க வேண்டும். நிரல் எழுதுகிறவர்கள் பலர் அதை விடாமல் வைத்திருக்கிறார்கள். நான் அதே போன்ற 60% ஒன்றில் மூன்று வாரம் முயன்றேன். எழுத்தாக்கத்தில் நொடிக்கொரு முறை பின்னால் போய் ஓர் எழுத்தைத் திருத்த வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்துவது எனக்கு ஒத்துவரவில்லை. 65%க்கு வந்தேன், எஃப்2, எஃப்3 வேலையை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

சின்னக் கீபோர்டால் தோளுக்குக் கிடைக்கும் நிம்மதியை அளந்தே சொல்லலாம். ஒரு விசையின் மையத்திலிருந்து அடுத்த விசையின் மையம் வரை 19.05 மி.மீ. இதைத்தான் ஒரு யூனிட் என்பார்கள். முழு அளவுக் கீபோர்டின் விசைப் பரப்பு 22.5 யூனிட் அகலம், 65%இல் 16 யூனிட். வித்தியாசம் ஆறரை யூனிட், கிட்டத்தட்ட 12 செ.மீ. அவ்வளவும் வலப்பக்கம்தான் குறைகிறது. அதாவது மவுஸ் 12 செ.மீ. உங்கள் பக்கமாக வருகிறது. மாலையில் வலது தோள்பட்டைக்குக் கீழே எனக்கு வந்துகொண்டிருந்த வலி குறைந்தது இந்த மாற்றத்தில்தான்.

வாங்குவதற்கு முன் சிறு எழுத்தில் இருக்கும் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, அன்சியா (அமெரிக்க அமைப்பு) ஐஸோவா (ஐரோப்பிய அமைப்பு). ஐஸோவில் என்டர் உயரமாக இருக்கும், இடது ஷிஃப்ட் குட்டையாகி அதற்கும் இசட்டுக்கும் நடுவில் இன்னொரு விசை வரும். சுண்டுவிரல் பழக்கத்தால் ஷிஃப்டைத் தேடிப்போய் அந்த விசையை அடிக்கும். இரண்டு, கீழ்வரிசை அளவுகள். வழக்கமான கீழ்வரிசையில் ஸ்பேஸ் பார் 6.25 யூனிட், இரு பக்கமும் உள்ள விசைகள் 1.25 யூனிட். 65%இல் வலது ஷிஃப்ட் பெரும்பாலும் 1.75 யூனிட்டாகக் குறையும், ஸ்பேஸ் பாருக்கு வலப்பக்கம் உள்ளவை ஒரு யூனிட்டாகிவிடும். ஆசைப்பட்டு வாங்கும் கீகேப் (விசைகளின் மேல்மூடி) தொகுப்பில் இந்த அளவுகள் இல்லையென்றால் எல்லா விசையும் ஒரு நிறம், வலது ஷிஃப்ட் மட்டும் வேறு நிறம் என்று ஆகும்.

தமிழில் அடிக்கிறவர்களுக்கு மட்டும்

40% கீபோர்டுகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் சொல்லாத ஒரு விஷயம் நமக்கு உண்டு. அவற்றில் பெரும்பாலும் எண் வரிசை இருக்காது, சதுர அடைப்புக்குறி விசைகளும் இருக்காது. ஆங்கிலத்தில் அடைப்புக்குறி எப்போதோ ஒரு முறைதான் வரும். தமிழ்99இலோ திறக்கும் சதுர அடைப்புக்குறி இருக்கும் இடத்தில்தான் 'ச' இருக்கிறது, மூடும் அடைப்புக்குறியில் 'ஞ'. அரைப்புள்ளியில் 'ந', மேற்கோள் விசையில் 'ய', சாய்கோட்டில் 'ழ'. ஆங்கிலக்காரருக்கு ஓரத்து விசைகள். நமக்கு அவை உயிர்நாடி. 'ச' இன்னொரு அடுக்குக்கு, அதாவது வேறொரு விசையைப் பிடித்துக்கொண்டால் மட்டும் கிடைக்கும் இடத்துக்குப் போய்விட்டால் 'செய்தி', 'சொன்னார்', 'பேச்சு' என்று ஒவ்வொரு சொல்லிலும் கை தடுக்கும்.

அதனால் தமிழ்99 பயன்படுத்துகிறவர்கள் பி (P) விசைக்கு வலப்புறம் குறைந்தது இரண்டு விசைகளும், எல் விசைக்கு வலப்புறம் இரண்டு விசைகளும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்த பிறகே வாங்குங்கள். இரண்டாகப் பிரிந்த எர்கோ கீபோர்டுகளுக்கும் இதே கணக்குத்தான். 42 விசைகள் கொண்ட கார்ன் என்ற கீபோர்டு ஒவ்வொரு பக்கமும் மூன்று வரிசை, ஆறு நெடுவரிசை என்று அமைந்தது. பி விசைக்குப் பிறகு ஒரே ஒரு விசைதான். 'ச' வைக்கலாம், 'ஞ' வேறெங்காவது போக வேண்டும். எனக்கு அது சரிப்படவில்லை. ஆங்கில எழுத்துகளால் தமிழை அடிக்கும் ஒலிபெயர்ப்பு முறைக்காரர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை.

பிரிந்த கீபோர்டுகளைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். வழக்கமான கீபோர்டில் விசை வரிசைகள் ஒன்றுக்கொன்று சாய்ந்து விலகி இருப்பது பழைய தட்டச்சுப் பொறியின் நெம்புகோல்களுக்கு இடம் விடுவதற்காக வந்த ஏற்பாடு. நம் விரல்கள் அப்படிச் சாய்ந்து நீளுவதில்லை. விசைகள் நேர் நெடுவரிசையில் நிற்கும் பலகைக்கு மாறினால் முதல் பத்து நாள் சி, எக்ஸ், பி (B) மூன்றும் கைக்கு எட்டாதது போல இருக்கும். வேலைப்பளு குறைந்த நேரமாகப் பார்த்து மாறுங்கள்.

விசைகளுக்குப் புது வேலை கொடுப்பது

விசைகளின் வேலையை மாற்ற உதவும் மென்பொருள்களான க்யூஎம்கே அல்லது வியாவை ஏற்கும் கீபோர்டாக வாங்குவது நல்லது. எந்த விசைக்கு எந்த வேலை என்பதைக் கீபோர்டுக்குள்ளேயே எழுதி வைத்துவிடலாம், வேறு கணினியில் செருகினாலும் மாறாது. நான் முதலில் செய்தது கேப்ஸ் லாக்கைப் பணியிலிருந்து விடுவித்தது. தமிழுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே அவ்வளவு அகலமான விசையை அதற்கு ஏன் கொடுக்க வேண்டும்? இப்போது அதைப் பிடித்துக்கொண்டால் அடுத்த அடுக்கு வரும். அந்த அடுக்கில் எஸ் ஒலியை நிறுத்தும், ஏ பின்னால் தள்ளும். எஃப்2, எஃப்3 போன இடம் இதுதான்.

ஒரே விசை தட்டினால் ஒன்று, பிடித்தால் இன்னொன்று என்றும் வைக்கலாம். க்யூஎம்கேயில் எத்தனை நேரம் பிடித்தால் 'பிடித்தது' என்று கொள்வது என்பதற்கு 200 மில்லிநொடி முன்னிருப்பாக இருக்கும். வேகமாக அடிப்பவர்களுக்கு எழுத்துகள் மாறிப் போனால் கீபோர்டைத் திட்டாமல் அந்த எண்ணை மாற்றிப் பாருங்கள். இந்த வசதியை எழுத்து விசைகளில் வைக்காமல் ஓரத்து விசைகளோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். ஒரு விசையை விடுவதற்குள் அடுத்ததை அழுத்துவது வேகமாக அடிப்பவர்களின் இயல்பு, அங்கேதான் குழப்பம் வரும்.

ஸ்பேஸ் பாரின் பளபளப்பு ஞாபகம் இருக்கிறதா? இரண்டாகப் பிரித்த ஸ்பேஸ் பார் வைக்கும் வசதி சில பலகைகளில் உண்டு. நீங்கள் தொடாத பாதிக்கு பேக்ஸ்பேஸ் கொடுத்துவிட்டால் வலது சுண்டுவிரல் மூலைக்கு ஓடுவது நின்றுவிடும். நான் செய்த மாற்றங்களிலேயே கைக்கு மிகவும் பிடித்தது இது.

இனி ஒலி

கீபோர்டு ஆர்வலர்கள் கூடிப் பேசும்போது ஒலியை 'தொக்', 'கிளாக்', 'மார்பிள்' என்றெல்லாம் சொல்வார்கள். தொக் என்பது கனமான மரக்கதவில் விரலை மடக்கித் தட்டும் டொக். கிளாக் அதைவிட மெலிதாக, கூர்மையாக, டக்கென்று இருப்பது. மார்பிள் என்றால் கோலிக்குண்டுகள் மோதும் ஒலி. எது உயர்ந்தது என்ற கேள்விக்கே இடமில்லை. என் காதுக்கு டொக்; நாள் முழுக்க மனிதக் குரல் கேட்டுக்கொண்டிருப்பதால் அந்தக் குரல்களோடு மோதாத தாழ்ந்த ஒலியே வேண்டியிருக்கிறது.

நமக்கு இரட்டைக்கிளவி என்று ஒரு செல்வம் இருக்கிறது, பழுது கண்டுபிடிக்க அதைவிடச் சிறந்த கருவி எனக்குத் தெரியாது. லொடலொட என்றால் ஸ்டெபிலைசர், அதாவது அகலமான விசைகளைச் சாயாமல் பிடிக்கும் கம்பி அமைப்பு. சரசர என்றால் ஸ்விட்சுக்குள் உராய்வு. அழுத்திவிட்ட பிறகும் 'ணங்' என்று மெலிதாக நீண்டால் ஸ்பிரிங் அல்லது உலோகக் கேஸ், அதாவது கீபோர்டின் வெளிப்பெட்டி. மொத்தமாகத் தகர டப்பாவைத் தட்டுவது போலத் தடதடத்தால் கேஸுக்குள் வெற்றிடம். முதலில் இந்த நான்கையும் போக்குங்கள். பிடித்த ஒலியைத் தேடுவது அதற்குப் பின்னால். லொடலொடப்பை வைத்துக்கொண்டு விலை உயர்ந்த ஸ்விட்ச் மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

அதற்கும் முன்னால் கிளிக்கி ஸ்விட்ச் வேண்டுமா என்று முடிவுசெய்ய வேண்டும். செர்ரி எம்எக்ஸ் புளூவில் நடுத்தண்டு இரண்டு துண்டாக இருக்கும்; வெளித்துண்டு சறுக்கி மோதுவதுதான் அந்தக் கிளிக். ஃபோம், டேப் எதுவும் அதை அடக்காது. பக்கத்தில் யாராவது தூங்கும் வீடு என்றால் வேண்டாம். எம்எக்ஸ் ரெட் போன்ற லீனியரில் தடை எதுவும் தெரியாமல் நேராக இறங்கும்; 4 மி.மீ. பயணத்தில் 2 மி.மீ. இறங்கியதும் எழுத்து விழும், அதற்கு 45 சென்டிநியூட்டன் அழுத்தம் போதும். அதே வகையில் பிளாக்குக்கு 60. டாக்டைல் நடுவில் ஒரு சிறு மேட்டைத் தாண்டுவது போலிருக்கும். சைலன்ட் வகைகளில் தண்டு மோதும் இடங்களில் மெத்தென்ற ரப்பர் இருக்கும், ஒலி நன்றாகக் குறையும், விரலுக்கு அடி சற்றே மந்தமாகத் தெரியும்.

பதிவுகளைக் கேட்டு வாங்காதீர்கள்

இது என் தொழில் சம்பந்தப்பட்டது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். ஒலிப்பதிவைக் கேட்டே பேசியவர் இருந்தது சின்ன அறையா, கண்ணாடி சூழ்ந்த கூடமா என்று ஓரளவு சொல்லிவிடுவேன். பதிவில் பாதி அறைதான் இருக்கும். மைக் பத்து செ.மீ. தூரத்தில் இருந்தால் எந்தக் கீபோர்டும் கனமாக ஒலிக்கும். போதாக்குறைக்கு மெல்லிய ஒலியைத் தானே உயர்த்தி, உரத்ததைத் தானே குறைக்கும் வேலையை ஃபோன் செய்துவிடும். அந்த வீடியோவில் கேட்ட டொக் உங்கள் மேசைக்கு வராது.

உங்கள் கீபோர்டை நீங்களே பதிவுசெய்வதுதான் பயன்படும். ஃபோனை எப்போதும் ஒரே இடத்தில், விசைகளிலிருந்து ஒரு முழ தூரத்தில் வையுங்கள். ஒரே மேசை, ஒரே வாக்கியம். நான் வைத்திருக்கும் வாக்கியத்தில் ஸ்பேஸ், என்டர், ஷிஃப்ட், பேக்ஸ்பேஸ் நான்கும் வரும். ஸ்டெபிலைசர் உள்ள விசைகள் அவைதான். ஒரு மாற்றம், ஒரு பதிவு. இரண்டு மாற்றங்களைச் சேர்த்துச் செய்தால் எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று கடைசி வரை தெரியாது.

ஸ்டெபிலைசர்: பாதி ஒலி இங்கேதான்

ஓர் இரவு வேலை செய்துகொண்டிருந்தபோது பக்கத்து அறையிலிருந்து அம்மா கேட்டார்: "ஏம்மா, எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்குது. அந்த ஒண்ணு மட்டும் ஏன் லொடலொடன்னு இருக்கு?" அவர் கீபோர்டைப் பார்த்துக்கூட இல்லை. சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஸ்பேஸ் பாரைக் கண்டுபிடித்துவிட்டார்.

இரண்டு யூனிட்டும் அதற்கு மேலும் அகலமான விசைகள் ஓரத்தில் அழுத்தினால் சாய்ந்துவிடாமல் இருக்க, இரு முனைகளையும் ஒரு கம்பி இணைக்கும். அந்தக் கம்பி பிளாஸ்டிக்கில் ஆடுவதுதான் லொடலொடப்பு. அன்சி முழு அளவுக் கீபோர்டில் இப்படிப்பட்ட விசைகள் எட்டு. டிகேஎல்லிலும் 60%இலும் ஐந்து. வலது ஷிஃப்ட் குறுகிப்போன 65%இல் நான்கு. விசைகளின் இடத்தை முதலில் முடிவுசெய்யுங்கள் என்று சொன்னதற்கு இன்னொரு காரணம் இது: சரிசெய்ய வேண்டிய இடங்களின் எண்ணிக்கை அங்கேயே முடிவாகிவிடுகிறது.

ஸ்பேஸ் பாரிலிருந்து தொடங்குங்கள். நடுவில், இடது ஓரத்தில், வலது ஓரத்தில் என்று மூன்று இடத்திலும் தட்டிக் கேளுங்கள். ஒரு ஓரம் மட்டும் ஆடினால் கம்பி கோணல். அதை வெளியே எடுத்துத் தட்டையான கண்ணாடி மேல் வையுங்கள். நீளப் பகுதியும் இரு மடக்குகளும் கண்ணாடியில் படிந்து கிடக்க வேண்டும். ஒரு முனையை விரலால் தொடும்போது மறுமுனை எழுந்து 'டிக்' என்று விழுந்தால் அந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று பொருள். கையாலேயே எதிர்த்திசையில் துளி வளைத்து மறுபடி கண்ணாடியில் வையுங்கள். துளி என்றால் கண்ணுக்குத் தெரியாத அளவு. என் ஸ்பேஸ் பார் கம்பி ஆறாவது தடவைதான் அசையாமல் படுத்தது.

அடுத்தது கிரீஸ். ஸ்டெபிலைசர் கூட்டின் உள்சுவர்களுக்கும், உள்ளே ஏறி இறங்கும் தண்டுக்கும் க்ரைடாக்ஸ் ஜிபிஎல் 205 கிரேடு 0 மெல்லிய பூச்சாக. கம்பியின் இரு நுனிகளும் தண்டுக்குள் நுழையும் இடத்தில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தாராளமாக. சில தண்டுகளின் அடியில் இரட்டைக் கால் போல நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கால்கள் சர்க்யூட் போர்டில் பட்டு மெத்தென்ற, தெளிவில்லாத அடியைத் தரும். நகவெட்டியால் சமமாக வெட்டிவிடலாம். இப்போது வரும் பலவற்றில் தொழிற்சாலையிலேயே வெட்டியிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். தண்டு போர்டில் மோதும் இடத்தில் துணி பிளாஸ்டர் துண்டு ஒன்றை ஒட்டினால் கூர்மையான 'டக்' தணியும்.

திரும்ப மாட்டி, மற்ற கீகேப்களைப் போடுவதற்கு முன் இந்த ஒன்றை மட்டும் அடித்துப் பாருங்கள். விசை சோம்பலாக எழுந்தால் கிரீஸ் அதிகம். இன்னும் ஆடினால் கம்பி நுனியில் கிரீஸ் போதவில்லை. ஸ்பேஸ் பாருக்கு மட்டும் எனக்கு ஒரு மாலை முழுக்க ஆனது. மறுநாள் இரவு அம்மா எதுவும் கேட்கவில்லை.

ஸ்விட்சுக்குக் கிரீஸ்

இப்போதெல்லாம் பல ஸ்விட்சுகள் தொழிற்சாலையிலேயே நன்றாகக் கிரீஸ் பூசித்தான் வருகின்றன. காதருகே வைத்து மெதுவாக அழுத்துங்கள். சரசரப்பு கேட்கவில்லையென்றால் இந்தப் பகுதியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

கேட்டால், ஐந்தே ஐந்து ஸ்விட்சுகளை மட்டும் திறங்கள். லீனியர் என்றால் தண்டு ஏறி இறங்கும் இரு பக்கத் தடங்கள், தண்டின் பக்கங்கள், ஸ்பிரிங் உட்காரும் இடம். மெல்லிய தூரிகையில் கிரீஸை எடுத்து, டப்பாவின் ஓரத்தில் துடைத்துவிட்டு மீதியைப் பூச வேண்டும். பிளாஸ்டிக் ஈரம் பட்டது போல மினுங்கினால் போதும், வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம். டாக்டைலில் தண்டின் முன்னால் நீட்டியிருக்கும் இரு கால்களை மட்டும் தொடாதீர்கள்; மேடு தெரிவது அந்தக் கால்களால்தான், கிரீஸ் பட்டால் மழுங்கிவிடும். ஸ்பிரிங்குகளை ஒரு பையில் போட்டு, க்ரைடாக்ஸ் ஜிபிஎல் 105 எண்ணெய் சில சொட்டுகள் விட்டு நன்றாகக் குலுக்கினால் 'ணங்' பெரும்பாலும் போய்விடும்.

அந்த ஐந்தையும் அதிகம் அடிக்கும் இடங்களில் மாட்டி இரண்டு நாள் வேலை செய்யுங்கள். பிடித்தால் மட்டும் மீதி. நான் அப்படிச் செய்யவில்லை. ஒரே மூச்சில் 67 ஸ்விட்சுக்கும் தடிமனாகப் பூசி முடித்துவிட்டுத்தான் அடித்துப் பார்த்தேன். ஒலி அடங்கியிருந்தது, ஆனால் விசைகள் சேற்றில் கால் வைத்தது போல இறங்கின. இந்தக் கிரீஸ் சாதாரண ஆல்கஹாலில் கரையாது என்பது அப்போதுதான் தெரியவந்தது. ஒவ்வொன்றையும் திறந்து உலர்ந்த துணியாலும் காகிதத்தாலும் துடைக்க நான்கு இரவுகள் ஆயின. குறைவாகப் பூசியதை எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். வேலை செய்யும்போது கையுறை போடுங்கள், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஸ்விட்ச் கழற்றி மாட்டும் வசதி, அதாவது ஹாட்ஸ்வாப் இருந்தால்தான் இந்தச் சோதனையெல்லாம் சுலபம். முதல் கீபோர்டு என்றால் ஹாட்ஸ்வாப் தவிர வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டேன். மாட்டுவதற்கு முன் இரண்டு உலோகக் கால்களும் நேராக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, போர்டின் பின்னால் விரலை முட்டுக் கொடுத்து, நேர்க்குத்தாக அழுத்துங்கள். ஒரு விசை மட்டும் எழுத்து விழாமல் அடம் பிடித்தால் அனேகமாகக் கால் மடங்கியிருக்கும்.

பிளேட், கீகேப், கேஸ்

ஸ்விட்ச் மோதும் ஒலி, ஸ்விட்சுகளைப் பிடித்திருக்கும் தகடான பிளேட் வழியாகக் கேஸுக்கும், கேஸ் வழியாக மேசைக்கும் போகிறது. எஃகு, அலுமினியம், பித்தளை பிளேட்டுகள் ஒலியைக் கூர்மையாக்கும். பாலிகார்பனேட், பாம் பிளாஸ்டிக் பிளேட்டுகள் தாழ்த்தும், விரலுக்கும் சற்று வளைந்துகொடுக்கும். சர்க்யூட் போர்டு செய்யும் பொருளான எஃப்ஆர்4 நடுவில் நிற்கும். ஸ்விட்சிலும் அதே கதை: நைலான் கூடு கனமாக ஒலிக்கும், பாலிகார்பனேட் மேல்மூடி ஒலியை உயர்த்தும். நடுத்தண்டின் கீழ்முனை நீளமாக இருக்கும் லாங் போல் வகைகளில் விசை மூன்றரை மி.மீ. அளவிலேயே தரைதட்டி டக்கென்று கூர்மையாக ஒலிக்கும். டொக் தேடுகிறவர்கள் அதைத் தவிர்க்கலாம், கிளாக் பிடித்தவர்களுக்கு அதுதான் வேண்டும்.

கீகேப் மாற்றினால் ஒலி இவ்வளவு மாறுமா என்று பலருக்குச் சந்தேகம். மாறும். மெல்லிய கீகேப்பை எடுத்துவிட்டு 1.5 மி.மீ. தடிமனுள்ள பிபிடி பிளாஸ்டிக் கீகேப் போட்டபோது என் பலகை ஒரு சுருதி இறங்கியது. பிபிடி சீக்கிரம் பளபளக்காது என்பது கூடுதல் லாபம். ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்விட்சின் எல்இடி ஜன்னல் எண் வரிசைப் பக்கம் பார்த்திருக்கும் பலகைகளில், குட்டையான செர்ரி வடிவக் கீகேப்கள் சில ஸ்விட்சுகளின் மூடியில் இடிக்கும். நடு வரிசையில் மட்டும் ஒலி வித்தியாசமாக இருந்தால் அதுவாக இருக்கலாம்.

கேஸ் தடதடத்தால், அடியில் மெல்லிய ஃபோம் ஒரு தாள். போதவில்லையென்றால் சர்க்யூட் போர்டின் பின்பக்கம் காகித மாஸ்க்கிங் டேப் ஓர் அடுக்கு. பதிவுசெய்து கேளுங்கள், வேண்டுமானால் இன்னோர் அடுக்கு. மூன்றுக்கு மேல் நான் போனதில்லை. உலோக டேப்பை மறந்தும் ஒட்டாதீர்கள், போர்டு ஷார்ட் ஆகிவிடும். கிடைத்த இடத்திலெல்லாம் ஃபோமைத் திணித்தால் எல்லாக் கீபோர்டும் ஒரே மாதிரி அடைத்த குரலில் பேசும். பொறுக்கி எடுத்த ஸ்விட்சின் குணமும் அதோடு போகும். அலுமினியக் கேஸ் ணங்கென்றால், மேல்மூடியும் அடிப்பாகமும் சேரும் விளிம்பில் ஸ்க்ரூவுக்கு அருகே குட்டிக் குட்டி டேப் துண்டுகள் ஒட்டி மூடுங்கள். உலோகம் உலோகத்தில் படாமல் போனாலே அதிர்வு தணியும்.

இவ்வளவையும் தொடங்குவதற்கு முன் கீபோர்டுக்கு அடியில் தடித்த துணிவிரிப்பு ஒன்றை விரித்துப் பாருங்கள். மேசைக்கு இறங்கும் ஒலி அங்கேயே நின்றுவிடும். அம்மா தூங்கும் அறைச் சுவருக்கு நான் செய்த முதல் உதவி அதுதான்.

கிரீஸ் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஸ்பேஸ் பார் கம்பி நுனியிலிருந்து மெல்ல ஒதுங்கிவிடும். நான் நான்கு மாதத்துக்கு ஒரு முறை அதே இடத்தில் ஃபோனை வைத்து அதே வாக்கியத்தை அடித்து, முதல் பதிவோடு சேர்த்துக் கேட்கிறேன். ஸ்பேஸில் துளி லொடலொடப்பு கேட்டால் கீகேப்பை மட்டும் கழற்றி, ஊசியில்லாத சிரிஞ்சால் கம்பி நுனியில் ஒரு சொட்டு. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.